பட்டை சாட்சி

— அழகா இருக்குன்னு சொல்லிட்டேன், அத்தான்.

— இடுப்புல பட்டை கட்டியிருக்கும்போது அத்தான் கிடையாது. இது வீட்டுக் கூடம் இல்ல, காவல் அறை. தலைவரேன்னு கூப்பிடு.

— சரி, தலைவரே. அழகா இருக்குன்னு சொல்லிட்டேன்.

— எது அழகா இருக்கு?

— ரொட்டிக்கடை அம்மாவோட குழந்தை. காலையில நான் கோட்டை வாசல்ல நிக்கிறேன், துணியை விலக்கிக் காட்டுறாங்க. தலை ஒரு பக்கம் சப்பை. மூக்கு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு எனக்குப் புரியல. புள்ள எப்படி இருக்கான்னு கேட்டாங்க. யோசிக்காம வாயில வந்துருச்சு, ராஜா மாதிரி அழகா இருக்கான்னு.

— சொன்னா சொல்லிட்டுப் போ. இதுக்கா என் கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு வந்தே? இன்னும் கொஞ்ச நேரத்துல சபையில மணி அடிக்கப் போறாங்க, நான் சாட்சி சொல்லணும்.

— அதுக்குள்ள சொல்லிடணும்னுதான் இழுத்தேன். காவல்காரி நான், பட்டையைக் கட்டிக்கிட்டுப் பொய் சொன்னேன். பட்டை இறுகல.

— மெல்லப் பேசு. உள்ள ஆள் இருக்கு.

— உள்ள இருக்கிற ஆளுக்குக் காது நல்லாவே கேக்குதுங்க ஐயா. கம்பிக்குப் பின்னாடி உக்காந்தா வேற என்ன பொழுதுபோக்கு. நான் என்னத்தக் கண்டேன், ஆனா அந்தக் குழந்தையை நானும் பாத்தேன். தங்கச்சி சொன்னது பொய்தான்.

— சேணக்காரரே. தீர்ப்பு வர்ற வரைக்கும் கைதிகிட்ட மரியாதையா பேசணும்னு முறை இருக்கு. அதனால 'ங்க' போட்டுச் சொல்றேன். வாயை மூடுங்க.

— மூடிட்டேன் ஐயா. குதிரைக்குச் சேணம் தைக்கிறவன் நான், வாயைத் தைக்கத் தெரியாதா எனக்கு.

— நீ இங்க வா. சன்னல் பக்கம். இப்ப சொல்லு, நிஜமாவே இறுகலையா?

— இறுகல. பொய் சொல்ற காவலன் நின்ன இடத்துலயே ரெண்டா ஒடிஞ்சு விழுவான்னு பயிற்சியில நீங்கதானே சொன்னீங்க? சொன்ன அடுத்த நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். ஒடியல. பசிதான் எடுத்துச்சு.

— அது பொய்யில சேராது. பெத்தவகிட்டக் குழந்தையை அழகுன்னு சொல்றது மரியாதை. பட்டையைச் செஞ்ச மந்திரவாதிக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா. அவனுக்குத் தெரியாதா?

— அப்படித்தான் நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா ஒரு கேள்வி. மரியாதைக்குச் சொல்ற பொய்க்கு இறுகாதுன்னா, பயத்துக்குச் சொல்ற பொய்க்கு இறுகுமா? பாவம் பாத்துச் சொல்ற பொய்க்கு? அதை யார் பிரிச்சுப் பாக்குறது, தோலா?

— ஒரு கேள்வின்னுட்டு நாலு கேக்குற. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்.

— உக்கார முடியல, தலைவரே. காலையில இருந்து இந்த அறைக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருக்கேன். ஈட்டியை எங்க வச்சேன்னு மறந்து போய், கையில வச்சுக்கிட்டே தேடுறேன்.

— பட்டையை ஏன் தடவிக்கிட்டே இருக்க?

— எப்பவும் உள்பக்கம் ஒண்ணு வயித்துல உறுத்திக்கிட்டே இருக்கும். இன்னிக்கு அதுவும் இல்ல. அதான் இன்னும் பயமா இருக்கு, பட்டையோட உசுரே போயிடுச்சோன்னு.

— உறுத்தலைன்னா சந்தோஷப்படு. எனக்குத்தான் இன்னிக்கு என்னமோ உறுத்துது. மதியம் ரெண்டு கரண்டி ஜாஸ்தியா சாப்பிட்டுட்டேன், உங்கக்கா விடமாட்டேன்னுட்டா. இப்ப தள்ளு. நான் சாட்சியை ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கணும். சபையில தடுமாறினா அசிங்கம்.

— சொல்லுங்க. நானும் கேக்குறேன்.

— நானும் கேக்குறேங்க ஐயா. என்னைப் பத்தினதுதானே.

— நேத்து அந்தி சாயற நேரம். கோட்டைக் கதவைச் சாத்தியாச்சு. அதுக்குள்ள இருக்கிற சின்னக் கதவு, திட்டிவாசல், அதுக்கு முன்னாடி நான் காவல் நின்னேன். திட்டிவாசலோட குறுக்குக்கட்டையை என் கையால போட்டே... ம்க்கும். போட்டேன்.

— என்னாச்சு?

— ஒண்ணுமில்ல. ஏப்பம். அப்ப இந்தச் சேணக்காரர் வந்தார். யாரும் பாக்கலைன்னு நினைச்சு, கட்டையைத் தூ... தூக்கிக் கதவைத் திறந்தார். ஸ்ஸ்... அந்த வழியா பூதம் உள்ள வந்து கொட்டகை ரெண்டைப் பிச்சுப் போட்டு, தண்ணி சுமக்கிறவர் காலை ஒடிச்சுது. கண்ணால பாத்தேன். பக்கத்துல நின்னேன். பட்டை சாட்சி. அப்பாடா.

— கண்ணுல தண்ணி வந்துருச்சே உங்களுக்கு.

— இந்தப் பட்டைதான். காலையில எல்லாப் பட்டைக்கும் எண்ணெய் போட்டோமே, தோல் சுருங்கிடுச்சு போல.

— நான் என்னத்தக் கண்டேன், ஆனா எண்ணெய் போட்டா தோல் இளகும் ஐயா, சுருங்காது. காயறதுக்கு முன்னாடி கட்டினீங்களா?

— காயறதுக்கு எங்க நேரம்? வாசல்ல வண்டிக்காரங்க ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்கன்னு ஆள் ஓடி வந்தான். இவ ஆணியில இருந்து எடுத்துக் கட்டிக்கிட்டு முன்னாடி ஓடினா, நான் பின்னாடி ஓடினேன். உங்களை யார் கேட்டது? வாயை மூடிட்டேன்னு சொன்னீங்கல்ல?

— தையல் பிரிஞ்சிருச்சு ஐயா. இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுத் தைச்சுக்கிறேன். கதவை நான் திறக்கல. வண்டி நிறுத்தத்துல கடிவாளம் கொடுக்க வந்தேன். கதவு திறந்து கிடந்துச்சு, கட்டை ஓரமா சாத்தி வச்சிருந்துச்சு. பூதம் பூதம்னு கத்தினதே நான்தான். கத்தினவனையே பிடிச்சு உள்ள போட்டுட்டீங்க.

— அதை சபையில சொல்லுங்க.

— சொன்னா கேப்பாங்களா? பட்டைக்காரர் ஒருத்தர் சாட்சி சொன்னா எதிர்ப்பேச்சு கிடையாதுன்னுதானே முறை. அந்திக்கு என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்துவீங்க. பூதம் காட்டோரத்துல உக்காந்து பல்லு குத்திக்கிட்டு இருக்கும். என் பொண்டாட்டிக்கு நான் கடிவாளம் கொடுக்கப் போனேன்னுதான் தெரியும்.

— தலைவரே, இதுதான் எனக்கு உக்கார முடியாம பண்ணுது. நாம சொல்ற சொல்லுக்கு ரெண்டாவது சாட்சி வேண்டாம்னு ஊர் விட்டதே இந்தப் பட்டை இறுகும்கிற நம்பிக்கையிலதான். அது இறுகலைன்னா நாம யாரு? ஈட்டி வச்சிருக்கிற நாலு பேரு. சபைகிட்டச் சொல்லணும். பட்டையை எல்லாம் ஒருதடவை சோதிச்சுட்டு அப்புறம் விசாரிங்கன்னு சொல்லணும்.

— சொல்லக் கூடாது.

— ஏன்?

— முறைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு குழந்தை மூக்கை வச்சுக்கிட்டு சபையை நிறுத்தச் சொல்லுவியா? சிரிப்பாங்க.

— சரி, குழந்தை வேண்டாம். இப்ப உங்க கண்ணு முன்னாடி சொல்றேன். சுத்தமான பொய், மரியாதை கலக்காதது. தள்ளி நில்லுங்க, ஒடிஞ்சு விழுந்தா உங்க மேல விழக் கூடாது.

— ஏய், விளையாடாத. உங்கக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

— இந்த ஈட்டி தங்கத்துல செஞ்சது.

— அய்யோ தங்கச்சி.

— எனக்கு நாலு புள்ளைங்க. நேத்து ராத்திரி பூதத்துக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி விட்டது நான்தான்.

— போதும். நிறுத்து.

— பாத்தீங்களா? நிமிர்ந்துதானே நிக்கிறேன்? ஒரு நூல் அளவு கூட இறுகல. இப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்க.

— என்ன சொல்ல?

— ஏதாவது ஒரு பொய். உங்களுக்கு முடி கொட்டலைன்னு சொல்லுங்க.

— நான் சொல்ல மாட்டேன்.

— பயமா?

— எனக்கென்ன பயம்? தலைவன் நான். விளையாட்டுக்குப் பொய் சொல்லி பட்டையை அவமதிக்க மாட்டேன். உன் பட்டை கெட்டுப் போயிருக்கும். ஒண்ணு கெட்டா எல்லாம் கெட்டதுன்னு அர்த்தமா? நாளைக்கு வேற வாங்கித் தர்றேன். என் பட்டையில ஒரு குறையும் இல்... ஹா. இல்ல.

— மறுபடியும் மூச்சு வாங்குது உங்களுக்கு.

— ரெண்டு கரண்டின்னு சொன்னேன்ல. மூணா இருக்கும்.

— நான் வேற ஒண்ணு நினைச்சுக்கிட்டு இருக்கேன், தலைவரே. கோபப்படாதீங்க.

— நினைக்காத.

— அண்ணனை நினைக்கிறேன்.

— இப்ப அவன் பேச்சு எதுக்கு?

— அண்ணனும் இதே திட்டிவாசல். இதே அந்தி. கட்டையைத் தூக்கிக் கதவைத் திறந்தான்னு இதே மாதிரி நீங்க பட்டை கட்டிக்கிட்டுச் சாட்சி சொன்னீங்க. அம்மா பட்டை பொய் சொல்லாதுன்னு மட்டும் சொன்னாங்க. பெத்த புள்ளையைத் திட்டினாங்க, உங்களைத் திட்டல. அன்னிக்கு அவன் சட்டையை எடுத்து அடுப்புல போட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் வீட்டுல அவன் பேரு கிடையாது.

— எனக்கு மட்டும் சந்தோஷமா? என் மச்சான் அவன். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல.

— நானும் அவனை வெறுத்தேன். எங்களுக்கு அவமானம் தேடி வச்சுட்டுப் போயிட்டான்னு. அந்த அவமானத்தைக் கழுவத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். வெறுத்தது முழுக்க இந்தப் பட்டையை நம்பித்தான். இப்ப இது வெறும் தோலுன்னா நான் எதை நம்பி அவனை வெறுத்தேன்? சொல்லுங்க.

— இங்க பாரும்மா. கட்டையைப் போடாம விட்ட காவலனையும் அந்திக்கு வெளிய தள்ளுறதுதான் முறை. அப்ப உங்கக்கா கையில கைக்குழந்தை. நான் போயிருந்தா அவ கதி என்ன? உங்கம்மாவை யார் பாத்திருப்பா? உனக்கு யார் வேலை வாங்கித் தந்திருப்பா?

— ஒரு கேள்வி. நீங்க ஏன் போகணும்?

— என்னது?

— அண்ணன்தானே திறந்தான்? நீங்க கட்டையைப் போட்டிருந்தீங்கள்ல? அப்புறம் நீங்க போற பேச்சு எங்க இருந்து வந்துச்சு?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வாய்க்குள்ள கையை விட்டு வார்த்தையை எடுக்காத. காவலுக்கு வந்துட்டு என்னையே விசாரிக்கிறியா?

— விசாரிக்கல. தண்ணிப் பானை எங்க?

— எதுக்கு?

— கைதிக்குத் தண்ணி கொடுத்து நேரமாச்சு. கைதி குடிச்சப்புறம்தான் காவலர் குடிக்கணும்னு முறை இருக்கு. எனக்குத் தாகமா இருக்கு.

— கொடு கொடு. கொடுத்துட்டு வாசலுக்குப் போ.

— இந்தாங்க, சேணக்காரரே. மெதுவா.

— நல்லா இருப்பீங்க தங்கச்சி. தொண்டை ஒட்டிக்கிச்சு. உங்க அண்ணனை எனக்குத் தெரியும். வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தானே, என்கிட்டதான் கடிவாளம் தைக்கக் கொடுப்பான். நல்ல புள்ள. கூலி கொடுக்கும்போது மட்டும் வானத்தைப் பாப்பான். அவனை வெளிய அனுப்பினதுக்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

— அவனை நினைச்சா?

— பொய் சொல்லக் கூடாது, அவனை நினைச்சு இல்ல, வேலையிருந்துச்சு. ஐயாதான் கதவைத் தட்டினார். விடியறதுக்குள்ள ஒரு பட்டை தைச்சுக் கொடுங்க, காவலர் பட்டை மாதிரியே அச்சு அசலா வேணும்னார். புதுசா சேர்ற பசங்க கட்டிப் பழகறதுக்குன்னு சொன்னார். விளக்கு வெளிச்சத்துல தைச்சு விரல்ல ஊசி ஏத்திக்கிட்டேன், இந்தா தழும்பு.

— சேணக்காரரே, தண்ணி குடிச்சாச்சா? பானையைக் கொடுங்க.

— இருங்க ஐயா, ஒரு மடக்கு இருக்கு. நம்ம ஊர்லதான் எல்லாப் பட்டையும் ஒரே நீளம், ஒரே அகலமாச்சே, தலைவருக்கும் கடைநிலைக்கும் வித்தியாசம் கூடாதுன்னு. அதனால அளவெடுக்கிற வேலை இல்ல. பக்கத்துல பக்கத்துல வச்சா தைச்ச நானே திணறுவேன். தையலைத் தடவினா மட்டும் தெரியும். நான் இடதுகைக்காரன் பாருங்க, என் தையல் மத்தவங்களுக்கு எதிர்ப்பக்கமா சாயும்.

— பழகற பட்டையா? நான் பயிற்சிக்கு வந்தப்ப அப்படி ஒண்ணும் தரலையே, தலைவரே. கோணிக் கயித்தைத்தானே கட்டிப் பழகினோம்?

— அது அப்பவே போச்சு.

— எங்க போச்சு?

— எலி கடிச்சு... ஆ... எலி கடிச்சுது, எரிச்சுட்டேன். தூக்கி அடுப்புல... ஐயோ, என்ன இது, மூச்சு விட முடியல.

— உக்காருங்க. முகம் வேர்க்குது.

— உக்காந்தா இன்னும் பிடிக்குது. நிக்கிறேன். சன்னலைத் திற.

— திறந்துதான் இருக்கு.

— தங்கச்சி, கம்பிகிட்ட வந்தீங்கல்ல, உங்க பட்டை ஓரம் மடிஞ்சிருக்கு பாருங்க. அந்த உள்பக்கத் தையல் இந்தப் பக்கமா சாயுதே, அது வந்து...

— தண்ணியைக் குடிங்க.

— இல்ல, நான் என்னத்தக் கண்டேன், ஆனா என் கையை எனக்குத் தெரியாதா, இது...

— சேணக்காரரே. உங்க வீட்டுக்கு இன்னிக்கு நீங்க போகணுமா, வேண்டாமா?

— போகணும் தங்கச்சி.

— அப்ப குடிச்சுட்டுப் பேசாம உக்காருங்க.

— என்ன முணுமுணுப்பு அங்க?

— ஒண்ணுமில்ல, தலைவரே. தண்ணி போதுமான்னு கேட்டேன். நீங்க சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்றது சரிதான். சபைகிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.

— அதைத்தானே மொதல்ல இருந்து சொல்றேன். உனக்குப் புத்தி இருக்கு, அவசரம்தான் ஜாஸ்தி.

— ஆமா. அவசரத்துல எதையாவது மாத்திப் பண்ணிடுறேன். சபைக்கு நீங்க சாட்சி சொல்றப்ப நானும் வந்து பின்னாடி நிக்கட்டுமா? கத்துக்கலாம்.

— வா. ஈட்டி முனையைக் கீழ பாத்துப் பிடிச்சுக்க. நடுவுல தும்மாத.

— சாட்சியோட முறை எல்லாம் எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னு பாருங்க. மணி அடிச்சதுல இருந்து சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் காவலர் பட்டையைக் கழட்டக் கூடாது, தளர்த்தக் கூடாது, யாரும் தொடவும் கூடாது. அப்படித்தானே?

— அப்படித்தான். மீறினா அந்த நிமிஷமே வேலை போச்சு, சாட்சியும் செல்லாது, சொல்ல வந்தவனே கூண்டுல நிப்பான். அந்த வரியைச் சேர்த்ததே நான்தான். எவனாவது பட்டையைக் கழட்டி வச்சுட்டுப் பொய் சொல்லிடக் கூடாது பாரு.

— நல்லா யோசிச்சுச் சேர்த்திருக்கீங்க.

— பின்ன. இப்ப வந்து இந்தப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்து. முடிச்சு முதுகுப் பக்கம் போயிடுச்சு, கை எட்டல. மணி அடிக்கிறதுக்குள்ள சரி பண்ணிக்கணும்.

— வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி.

— ஐயோ, உன் கேள்வி.

— சின்னதுதான். சபையில யாராவது கேட்டா நீங்க தடுமாறக் கூடாதுல்ல. நேத்து குறுக்குக்கட்டையைப் போட்டீங்களா?

— போட்டேன். ஹ்ம்ம்.

— தோள் வலின்னு அக்காகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. கட்டை கனமாச்சே.

— வலியோட போட்டேன்னு சொல்... ஆ... சொல்றேன்ல. தளர்த்து, சீக்கிரம்.

— இந்தா வந்துட்டேன். சேணக்காரர் திறந்ததைப் பாத்தீங்களா?

— பாத்தேன். கண்ணால... பாத்தேன். விலா எலும்பு குத்துது. என்ன பண்ற அங்க, முடிச்சைத் தேடுறியா, பின்னுறியா?

— முடிச்சு இறுகிப் போய் கெடக்கு. கடைசியா ஒண்ணு கேட்டுடறேன். எங்க அண்ணன் கட்டையைத் தூக்கினானா?

— அதை அன்னிக்கே சொன்னேன்.

— அன்னிக்கு சபையில சொன்னீங்க. வீட்டுல என் முகத்தைப் பாத்து ஒரு நாளும் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவை சொல்லுங்க, அப்புறம் சாகற வரைக்கும் கேக்க மாட்டேன்.

— தூக்... தூக்கினான். நான் பாத்தேன். ஐயோ. அம்மா. கண்ணு இருட்டுது. அறுத்துடு. கத்தியை எடுத்து அறுத்துடு அதை.

— தலைவரே.

— அறுக்கச் சொல்றேன்ல.

— மணி அடிக்குது, தலைவரே. கேக்குதா?

— ...கேக்குது.

— ஐயா, எனக்கும் கேக்குதுங்க ஐயா. நல்லாவே கேக்குது.

— மணி இப்பதானே ஆரம்பிச்சுது. முடியறதுக்குள்ள அவுத்துடலாம். யாரும் பாக்கல.

— சேணக்காரர் பாக்குறார். நான் பாக்குறேன். அடிச்ச அப்புறம் யாரும் தொடக் கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்கு.

— உங்கக்காவை நினைச்சுப் பாரு.

— அவளை நினைச்சுக்கிட்டுதான் பேசுறேன். அவ எதையும் சும்மா விடமாட்டா, உங்களுக்கே தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி இருக்கே, உன்னோடது எதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டா. உங்களுக்குத் தெரியாம உள்பக்கம் சிவப்பு நூல்ல ஒரு முடிச்சு போட்டுக் கொடுத்தா. அதுதான் என் வயித்துல தினமும் உறுத்தும். நடங்க, சபையில எல்லாரும் எழுந்து நிப்பாங்க. உண்மையைச் சொன்னா நீங்க அந்திக்கு வெளிய போகணும், பொய்யைச் சொன்னா சபை நடுவுலயே விழுவீங்க. எதுவானாலும் அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்.

— நீ என்ன சொல்ற? எனக்கு ஒண்ணும் புரியல. அத்தான்னு நினைச்சாவது சொல்லு.

— சொல்றேன். கூப்பிடவும் செய்யலாம், நான் கட்டியிருக்கிறது சேணக்காரர் தைச்ச வெறும் தோலுதானே. காலையில அவசரத்துல ஆணி மாத்தி எடுத்திருக்கேன். நீங்க கட்டியிருக்கிறது என் பட்டை, அத்தான்.